அத்தி மரத்தின் வாயை அடைத்த கதை

ஒரு காட்டில் ஓர் அத்தி மரத்தின் மேல் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். ஆமாம் குழந்தைகளே, மரத்தின் மேல்தான். நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகராத மரத்தின் மேல்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழுக் கதையையும் கேளுங்கள், உங்களுக்கும் வரும்.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு சுனை இருந்தது. சுனைக் கரையில் அந்த அத்தி நின்றது. அதன் பழத்தைத் தின்னாத பிராணி அந்தக் காட்டில் இல்லை. அதன் நிழலில் படுத்து உறங்காத பிராணியும் இல்லை.

அந்த வருடம் கோடை முன்னதாகவே வந்துவிட்டது. சுனையில் நீர் நாளுக்கு நாள் இறங்கியது. மாசியில் மான்களின் வயிற்றைத் தொட்ட நீர், சித்திரையில் குளம்பை நனைக்கவே போதவில்லை.

காட்டுக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. உடம்பு பாறை மாதிரி. பொறுமை மட்டும் கடுகளவு. எதையும் இரண்டு தடவை கேட்க அதற்குப் பிடிக்காது. ஒரு நாள் விடிந்ததும் அது எல்லாரையும் சுனைக் கரைக்குக் கூப்பிட்டது.

"நம் நீர் எங்கே போகிறது? எனக்கு இன்றைக்கே பதில் வேண்டும்" என்றது.

முதலில் வாயைத் திறந்தது காட்டுப்பன்றி.

"தலைவரே, சொல்லவே மனசு வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இந்த அத்தி மரம்தான் திருடன். நாமெல்லாம் நாக்கு வறண்டு கிடக்கிறோம். இது கரையிலேயே நின்றுகொண்டு, வேரை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது."

"ஆமாம், ஆமாம்" என்றன மான்கள். யார் எதைச் சொன்னாலும் மான்கள் ஆமாம் போடும்.

அன்று அங்கே கூடியிருந்த எல்லார் உடம்பிலும் புழுதி. கரடியின் ரோமத்தில் புழுதி. தலைவரின் கொம்பில்கூடப் புழுதி. காட்டுப்பன்றியின் முதுகில் மட்டும் ஈரச் சேறு பளபளவென்று மின்னியது. சுனையில் குளம்பு நனையவே நீர் இல்லை. இதன் முதுகு நனைய மட்டும் எங்கிருந்து கிடைத்தது? ஒருவராவது அதைக் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அத்தனை பேரும் மரத்தைத்தான் முறைத்தார்கள்.

"ஆதாரம் வேண்டுமே" என்றது காட்டெருமை.

"அதை என்னிடம் விடுங்கள்!" என்று குதித்து வந்தது குரங்கு. குரங்குக்கு எல்லாம் தெரியும். ஆனால் எல்லாமே பாதிதான் தெரியும்.

மலைப்பாதையில் சுற்றுலா வந்தவர்கள் காலி ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை வீசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இந்தக் கதையை முடிக்கவே நேரம் போதாது. விடுங்கள். குரங்கு அந்தப் பாட்டிலை எடுத்து உள்ளே நன்றாக நக்கியது. சுனையில் கழுவி வெயிலில் காய வைத்தது. பிறகு அத்தியின் ஒரு சிறு கிளையை வளைத்து, நான்கைந்து இலைகளை மடங்காமல் பாட்டிலுக்குள் நுழைத்தது. பாட்டிலின் வாயைக் களிமண்ணால் இறுக அடைத்தது.

காலை வெயில் இலைகளின் மேல் விழுந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டிலின் உள்பக்கம் மங்கியது. பிறகு அங்கே சின்னச் சின்ன நீர்த்துளிகள் உருண்டன.

"பார்த்தீர்களா, பார்த்தீர்களா!" என்று கத்தியது குரங்கு. "இந்த இலைகளின் அடிப்பக்கம் முழுக்கக் குட்டி வாய்கள் இருக்கின்றன. கண்ணுக்கே தெரியாது. ஓர் இலையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மரம் நம் நீரை வேரால் குடிக்கிறது. குடித்ததை இந்த வாய்களால் காற்றில் துப்புகிறது!"

"குடித்தாலாவது பரவாயில்லை, துப்புகிறதா?" என்று காட்டெருமை தரையை உதைத்தது.

"ஆமாம், ஆமாம், துப்புகிறது!" என்றன மான்கள்.

அப்போது தாழ்ந்த கிளை ஒன்றிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "தலைவரே, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

பேசியது ஒரு தையல்சிட்டு. அத்தியின் இரண்டு இலைகளைச் சேர்த்து, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து, அதற்குள் கூடு கட்டியிருந்தது. கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன.

"சீக்கிரம் சொல்" என்றது காட்டெருமை.

"குரங்கண்ணன் சொன்ன வாய்கள் இருப்பது உண்மை. ஆனால் மரம் துப்பவில்லை தலைவரே, மூச்சு விடுகிறது. அந்த வாய்கள் வழியாகத்தான் இலை காற்றை உள்ளே வாங்குகிறது. அந்தக் காற்றும் வேர் கொண்டுவரும் நீரும் வெயிலும் சேர்ந்தால்தான் அதற்குச் சோறு. நாம் சுவாசிக்கும் நல்ல காற்றும் அந்த வாய்கள் வழியாகத்தான் வெளியே வருகிறது. வாயைத் திறந்தால் கூடவே ஈரமும் போகத்தான் செய்யும். கதவைத் திறக்காமல் யாராவது காற்று வாங்க முடியுமா?"

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று முறைத்தது குரங்கு.

"என் வேலையே இலையோடுதானே? உதிர்ந்த இலையை நான் தைக்க மாட்டேன். அது வெயிலில் சூடேறும், இரண்டே நாளில் நொறுங்கும். காம்போடு இருக்கிற, உயிருள்ள இலையைத்தான் தைப்பேன். தடித்த நரம்பில் படாமல் பார்த்துத் துளை போடுவேன். அப்போதுதான் அந்த இலை தொடர்ந்து மூச்சு விடும். மூச்சு விடுகிற இலை குளுகுளுவென்று இருக்கும். என் முட்டைகள் கோடையில் வேகாமல் இருப்பது அதனால்தான். வெயில் உச்சிக்கு ஏறினால் இலையின் குளுமை குறைந்துவிடும். நீரை மிச்சம் பிடிக்க அது தன் வாய்களைத் தானே மூடிக்கொள்ளும். நம்மைவிட அதற்குத்தான் நீரின் அருமை தெரியும். வேண்டுமானால் அந்தப் பாட்டிலை உச்சி வெயிலிலும் கட்டிப் பாருங்கள். இவ்வளவு துளி வராது."

"உச்சி வெயிலில் நான் தூங்குவேன்" என்றது குரங்கு.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிட்டு சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! ஆனால் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது காட்டெருமைதான்.

"பார்த்தால் ஓர் அத்திக்காய் அளவு இருக்கிறது. தலைவருக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டது!" என்றது காட்டுப்பன்றி.

"போதும்" என்றது காட்டெருமை. "இனிமேல் சட்டம் இதுதான். ஈரத்தை வீணாக்குகிற வாய்களை அடைத்துவிட வேண்டும். கரடி, நீ தேன்கூட்டு மெழுகு கொண்டு வா. குரங்கு, உன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு இலைகளின் அடியில் பூசு."

கரடிக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும். ஏன் என்று கேட்கத் தெரியாது. போய் மெழுகைக் கட்டி கட்டியாக அள்ளி வந்தது.

குரங்குகள் மெழுகை வாயில் போட்டு மென்று இளக்கின. இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் தேய்த்தன. ஓர் ஓட்டை விடாமல் தேய்த்தன. பழம் கொடுத்த கிளையில் உட்கார்ந்துகொண்டே தேய்த்தன! மரத்துக்குக் கத்தத் தெரியாது. ஓடத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் காடே அதிர்ந்திருக்கும்.

தையல்சிட்டு அப்போது பூச்சி பிடிக்கப் போயிருந்தது. திரும்பி வந்தபோது ஒரு குரங்கு அதன் கூட்டைத் தாங்கிய இரண்டு இலைகளில் ஒன்றுக்கு மெழுகு பூசி முடித்திருந்தது. அடுத்த இலையை நோக்கிக் கை நீண்டது. சிட்டு பாய்ந்து அந்தக் கையைக் கொத்தியது. கொத்திக்கொண்டே இருந்தது.

"ஐயோ, விடு! இந்த ஒன்றைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன். மரம் முழுக்க வேலை கிடக்கிறது" என்று சொல்லிக்கொண்டே குரங்கு மேலே ஏறிவிட்டது.

பாதி மரம் முடிவதற்குள் மெழுகு தீர்ந்துவிட்டது. நான்கு நாட்கள் போயின. மெழுகு பூசிய இலைகள் முதலில் ஒளி மங்கின. பிறகு மஞ்சளாயின. காற்றை வாங்க வழியில்லை. சோறு ஆக்க வழியில்லை. பட்டினி கிடந்த இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

ஐந்தாம் நாள் சிட்டின் கூட்டைத் தாங்கிய அந்த ஓர் இலை சருகாகிவிட்டது. சிட்டு புது நூல் கொண்டு வந்து தைத்துப் பார்த்தது. தைத்த இடமெல்லாம் கிழிந்தது. சருகில் தையல் எப்படி நிற்கும்? அதன் கண் முன்னாலேயே ஓரம் பிரிந்து, ஒரு முட்டை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

கீழே காட்டுப்பன்றி படுத்திருந்தது. எழுந்து அந்த முட்டையை நக்கித் தின்றது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தது.

"என்னை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? திருட்டு மரத்தில் கூடு கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்றது.

தையல்சிட்டு மீதி இரண்டு முட்டைகளின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஓர் இலைதான் இப்போது அந்தக் கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை காட்டெருமை சுனைக்கு வந்தது. பாதி மரம் மஞ்சளாக நின்றது. ஆனால் நீர் முன்பைவிடக் கீழே போயிருந்தது.

"மெழுகு பூசியும் நீர் ஏன் ஏறவில்லை?" என்று கேட்டது.

"பாதி வாய்களைத்தானே அடைத்திருக்கிறோம் தலைவரே? மீதி வாய்கள் சும்மா இருக்குமா? அவற்றையும் அடையுங்கள்" என்றது காட்டுப்பன்றி. "அந்தத் தாழ்ந்த கிளையில் ஒரு பச்சை இலை ஆடுகிறதே, முதலில் அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்."

"சரி. நாளை விடிந்ததும் முதல் வேலை அதுதான்" என்றது காட்டெருமை.

மறுநாள் விடிந்தது. கரடி மெழுகோடு வந்தது. குரங்குகள் வந்தன. மான்கள் வேடிக்கை பார்க்க வந்தன. காட்டுப்பன்றி முதுகில் புதுச் சேற்றோடு வந்து முன்வரிசையில் நின்றது.

குரங்கு அந்தப் பச்சை இலையை நோக்கிக் கிளையில் கால் வைத்தது. தையல்சிட்டு பறந்து போய் நேராகத் தலைவரின் கொம்பில் உட்கார்ந்தது.

"தலைவரே, இலையைத் தொடும் முன் உங்கள் சட்டத்தை ஒரு தடவை எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்."

"எத்தனை தடவை சொல்வது? ஈரத்தை வீணாக்குகிற வாய்களை அடைத்துவிட வேண்டும்!"

"அந்த வாய் யாருடையதாக இருந்தாலும்?"

"யாருடையதாக இருந்தாலும்!"

"ஆமாம், ஆமாம், யாருடையதாக இருந்தாலும்!" என்றன மான்கள்.

"நல்லது. அந்தப் பாட்டில் சுனையோரம் ஈரக்கல்லின் மேல் குளிர்ந்து கிடக்கிறது. எடுத்து வரச் சொல்லுங்கள். காட்டுப்பன்றியார் அதற்குள் ஒரே ஒரு மூச்சு விடட்டும்."

காட்டுப்பன்றி சிரித்தது. "ஒரு மூச்சு என்ன, பத்து மூச்சு விடுகிறேன்" என்று சொல்லி, பாட்டிலின் வாயில் மூக்கை வைத்து 'புஸ்' என்று ஊதியது.

பாட்டில் மங்கியது. உள்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாக ஈரம் படிந்தது. தையல்சிட்டு அதன் மேல் போய் உட்கார்ந்தது.

"இதோ ஈரம்! இலைக்குக் காட்டிய அதே ஆதாரம். இவருக்கு இரண்டு துவாரங்கள் இருக்கின்றன. இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன. அத்தி மரமாவது உச்சி வெயிலில் வாயை மூடிக்கொள்ளும். இவர் தூங்கும்போதுகூட மூடுவதில்லை. அடையுங்கள்!"

காட்டெருமை விழித்தது. அதற்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை அதனால் விழுங்கவும் முடியவில்லை.

"சட்டம் சட்டம்தான்" என்று முனகியது. "கரடி, அடை."

கரடி ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அது நல்லதாகப் போயிற்று. பெரிய மெழுகுக் கட்டி ஒன்றை எடுத்து, காட்டுப்பன்றியின் மூக்குத் துவாரங்கள் இரண்டையும் அமுக்கி அடைத்தது.

"அந்த வாயிலிருந்தும்தான் ஈரம் வருகிறது" என்றது சிட்டு.

கரடி இரண்டு கைகளாலும் அந்த வாயையும் சேர்த்துப் பிடித்தது.

காட்டுப்பன்றியின் கண்கள் பிதுங்கின. கால்கள் மண்ணைப் பறித்தன. வால் விறைத்தது. அது பலம் கொண்ட மட்டும் உதறி, கரடியின் பிடியிலிருந்து வாயைப் பிடுங்கிக்கொண்டது.

"கொலைகாரப் பாவிகளா!" என்று அலறியது. "மூச்சை அடைத்தால் செத்துப் போய்விட மாட்டேனா? மூச்சு விடுவது ஒரு குற்றமா?"

"இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்!" என்றது தையல்சிட்டு. "மரத்தின் ஒவ்வோர் இலையும் இப்படித்தான் திணறியது. உனக்குக் கத்த வாய் கிடைத்தது. அதன் வாயைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்களே!"

கரடி மறுபடி மெழுகோடு நெருங்கியது. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் அது நிறுத்தவில்லை. காட்டுப்பன்றி எடுத்தது ஓட்டம். மூக்கில் ஒட்டிய மெழுகைச் சேற்றில் தேய்த்து எடுக்கவேண்டும் என்ற அவசரத்தில், யார் பின்னால் வருகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் தாழம்புதருக்குள் பாய்ந்தது. காட்டெருமையும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

தாழம்புதருக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதில் நீர் தளும்பியது. ஒரு பக்கம் குளிர்ந்த சேறு. காட்டுப்பன்றி அந்தச் சேற்றில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுனைக் கரையிலிருந்து அந்தப் பள்ளம் வரைக்கும், புதரின் மறைவிலேயே, பன்றி மூக்கின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டியிருந்தது. சுனை நீர் அதன் வழியாகச் சத்தமில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தது.

காட்டுப்பன்றியின் முதுகில் இருந்த ஈரச் சேற்றை எல்லாரும் இப்போதுதான் பார்த்தார்கள்.

"எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது" என்றது குரங்கு.

"ஆமாம், ஆமாம்" என்றன மான்கள். கேட்டீர்களா, அப்போதும் ஆமாம்தான்!

காட்டெருமை காட்டுப்பன்றியைக் கொம்பால் முட்டி மலைக்கு அப்பால் விரட்டியது. கரடி மண்ணைத் தள்ளி வாய்க்காலை மூடியது. பத்து நாட்களில் சுனை நீர் மான்களின் முழங்காலைத் தொட்டது.

ஆனால் மரம்? மெழுகைச் சுரண்டி எடுக்கச் சொல்லித் தலைவர் உத்தரவு போட்டார். குரங்குகள் சுரண்டின. சுரண்டிய இடமெல்லாம் இலை கிழிந்தது. பூசுவது எளிது, குழந்தைகளே. மெழுகு பட்ட இலைகள் எல்லாம் உதிர்ந்தன. அந்தக் கோடை முழுவதும் அத்தி பாதி மொட்டையாகவே நின்றது. நிழலும் பாதியானது. முன்பெல்லாம் ஒரு கூட்டமே படுத்த இடத்தில், இப்போது தலைவர் தலையை நிழலில் வைத்தால் முதுகு வெயிலில் காய்ந்தது.

தையல்சிட்டு பக்கத்தில் துளிர்த்த ஓர் இளம் இலையை இழுத்து, மிஞ்சியிருந்த பச்சை இலையோடு சேர்த்துத் தைத்தது. இரண்டு முட்டைகளும் பொரிந்தன. இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின.

ஒரு நாள் காட்டெருமை அந்தக் கிளைக்கு அடியில் வந்து நின்றது. தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"சிட்டே, இவ்வளவு தெரிந்த நீ அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டது.

தையல்சிட்டு குஞ்சுகளின் வாயில் பூச்சியை ஊட்டிவிட்டுத் திரும்பியது.

"சொன்னேன், தலைவரே. நீங்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்தபோது என் கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன."

நீதி: அடுத்தவர் மூச்சை அடைக்கச் சட்டம் போடுகிறவர், முதலில் அதைத் தன் மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.